ஹோல்பைனின் மரண நடனம்: உழவன் படத்தை அசல் அளவில் மரத்தில் வெட்ட என்ன வேண்டும்?

கறுப்புமை:

எல்லோருக்கும் வணக்கம். 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனின் மரண நடன வரிசையில் (மரணம் எலும்புக்கூடாக வந்து ஒவ்வொரு வகை மனிதரையும் அழைத்துப் போகும் படங்கள்) வரும் உழவன் படத்தை அசல் அளவிலேயே மரத்தில் வெட்டி அச்செடுக்க வேண்டும். லினோவில் (மென்மையான லினோலியத் தகட்டில்) வெட்டி நல்ல பழக்கம் உண்டு, மரத்தில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அசல் கட்டை விசிட்டிங் கார்டை விடச் சின்னது என்கிறார்கள். அது சரியா? சரி என்றால் அந்த நுணுக்கம் கத்தியில் எப்படி வந்தது? பேரிக்காய் மரம்தான் பயன்படுத்தினார்கள் என்று படித்தேன். இங்கே அது கிடைக்காது, மாற்று என்ன?

வருடமும் எண்ணிக்கையும் குழப்பம். ஓரிடத்தில் 1525, இன்னோரிடத்தில் 1538. படங்கள் 40, 41, 53, 58 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஜெர்மன் ஓவியர் டியூரரின் 'வீரனும் மரணமும் சாத்தானும்' படத்தையும் இதே மரச்செதுக்குப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துக் கோடு பழகலாமா?

கடைசியாக, அச்சோடு வைக்க ஒரு சிறுகுறிப்பு எழுத வேண்டும். இந்த வரிசையைப் புராட்டஸ்டண்ட் பிரசாரம் என்று எழுதலாமா, கூடாதா?

கட்டைக்கத்தி:

அளவு சரிதான். உயரம் 65 மி.மீ., அகலம் 50 மி.மீ. பக்கம். கட்டைக்குக் கட்டை ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே இருக்கும். இதை ஹோல்பைன் வெட்டலை. அவர் வரைஞ்சார், வெட்டினது ஹான்ஸ் லுட்செல்பர்கர். அந்தக் காலத்தில் கட்டை வெட்டறது தனித் தொழில், வரையறவன் கத்தியே தொட மாட்டான். குறிப்பு எழுதறப்போ அந்த ஆள் பேரை விட்டுடாதீங்க, இந்தப் படத்தில் பாதி அவருடைய கை. சீமாட்டி படத்தில் கட்டிலின் கீழ்ப்பக்கம் எச்.எல். என்ற ரெண்டு எழுத்தைச் சேர்த்து வெட்டியிருக்கார். வரிசை முழுக்க அவர் விட்டுப்போன கையெழுத்து அது ஒண்ணுதான்.

இப்போ மரம். இது குறுக்குவெட்டு முகத்தில் உளி ஓட்டற வேலை இல்லை, அது 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இங்கிலாந்துச் செதுக்கர் பெவிக் காலத்தில் பரவின முறை. ஹோல்பைன் காலத்துக் கட்டை, மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகை முகம். நார் கட்டையின் நீளத்தோட ஓடும். அதனால்தான் மரம் முக்கியம். பேரியில் நார் தெரியாத அளவுக்குச் சீரா இருக்கும், துளை கண்ணுக்கே படாது, கத்தி எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி எதிர்க்கும்.

இங்கே தேக்கை நினைக்கவே வேண்டாம். துளை பெரிசு, மெல்லிய கோடு துளை மேல விழுந்தா அந்த இடத்தில் அச்சு வெள்ளையா விட்டுப்போகும். வேம்பில் நார் பின்னிக் கிடக்கும், ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிய்யும். பிளைவுட் இந்த அளவுக்கு ஆகவே ஆகாது, மேல் ஏடு உதிரும். வெப்பாலை கிடைச்சா விடாதீங்க. சன்னபட்னா பொம்மை கடையறது அந்த மரத்தில்தான். வெள்ளையா, நெருக்கமா, கத்திக்கு இணக்கமா இருக்கும். பருத்த மரமா கிடைக்காது, ஆனா உங்களுக்கு வேண்டியது அஞ்சு செ.மீ. அகலம்தானே. ரெண்டாவது தேர்வு மஞ்சக்கடம்பு.

பச்சைக் கட்டையா வந்தா நடுச்சோற்றை விட்டு ஓரமா அறுத்து எடுங்க, ரெண்டு முனையிலும் மெழுகு உருக்கித் தடவி நிழலில் போடுங்க. முனை வழியா ஈரம் சீக்கிரம் போனா வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காயணும் என்பது தச்சர் கணக்கு. அவசரம்னா காய்ஞ்ச துண்டா வாங்கிடுங்க.

கனம் 23 மி.மீ. வைச்சா நல்லது. அச்சகத்து ஈய எழுத்தின் உயரம் அதுக்குப் பக்கம், அதனால் கட்டையையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே இழுப்பில் அச்சடிக்கலாம். மரச்செதுக்கு புத்தகத்துக்குள்ள வந்ததுக்குக் காரணமே இதுதான். செப்புத்தகடுன்னா தனி அழுத்தி, தனி மை, தாளை ரெண்டு தடவை ஓட்டணும். கையால் தேய்ச்சு எடுக்கப் போறீங்கன்னா 15 மி.மீ. போதும்.

முகத்தை இழைச்சு, 240, 400 எண் உப்புத்தாளால் நார் போக்கில் மட்டும் தேயுங்க. தட்டையான கட்டையில் தாளைச் சுத்தித் தேய்க்கணும். விரலால் தேய்ச்சா ஓரம் தாழ்ந்திடும். அப்புறம் படத்தின் சட்டக்கோடு அச்சில் விடாது, ஏன்னே தெரியாம மையை மேல மேலப் போடுவீங்க.

கத்தி: ஒரு பக்கம் மட்டும் சாணை பிடிச்ச கூர்முனைக் கத்தி ஒண்ணு போதும். ஒவ்வொரு கறுப்புக் கோட்டுக்கும் நாலு வெட்டு. கோட்டை ஒட்டி, கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சாயற மாதிரி பிடிச்சு ஒரு வெட்டு. எதிர்ப்பக்கமிருந்து சாய்ச்சு இன்னொண்ணு. ரெண்டும் அடியில் சந்திச்சா மரச்சீவல் தானே எழும்பி வரும். அதையே கோட்டின் மறுபக்கமும் செய்யணும். கோட்டின் அடி எப்பவும் தலையை விட அகலமா இருக்கணும். கத்தி உள்பக்கம் சாய்ஞ்சு கோட்டுக்கு அடியில் புகுந்துட்டா, அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. பத்தாவது அச்சில் அந்தக் கோடு சாய்ஞ்சு படுத்துடும். லினோவில் இருந்து வர்றவங்க முதலில் செய்யற தப்பு இதுதான், ஏன்னா லினோ வளைஞ்சு கொடுத்து மன்னிக்கும்.

ஆழம்: நெருக்கமான கோடுகளுக்கு நடுவில் அரை மி.மீ. போதும். அகலமான வெள்ளையில் ரெண்டு, மூணு மி.மீ. இறக்கணும். இல்லைன்னா ரோலர் அடியைத் தொட்டு அழுக்கு விழும், இல்லை ஈரத்தாள் உள்ளே தொய்ஞ்சு மை பிடிக்கும்.

வரிசை: முதலில் முகமும் கையும், பிறகு உருவங்களின் வெளிக்கோடு, பிறகு நிழல்கோடுகள். பெரிய வெள்ளைகளைக் கடைசியில் எடுங்க. அதுவரைக்கும் அந்த மேட்டில்தான் கை ஊன்றி வெட்ட முடியும்.

நாருக்குக் குறுக்கே ஓடற மெல்லிய கோடுதான் உடையும். அதில் நார் நீளமே கால் மி.மீ.தான் மிஞ்சும். நாரோட ஓடற கோடு உடையாது, ஆனா கத்தியை இழுத்துட்டுப் போயிடும். அதனால் கோடு முடியற இடத்தில் முன்கூட்டியே குறுக்கே ஒரு நிறுத்துவெட்டு போட்டுட்டு அப்புறம் நீளவெட்டைத் தொடங்குங்க.

உழவன் படத்தில் கஷ்டமான இடம் எலும்புக்கூடு இல்லை, வானம். அடிவானத்துச் சூரியனிலிருந்து கதிர்கள் விசிறியா விரியுது. பாதி குறுக்கே, பாதி நாரோட, நடுவில் எல்லாச் சாய்விலும். நுனியில் மெலிஞ்சு முடியற இந்தக் கோடுகளை வெட்டித்தான் லுட்செல்பர்கர் எப்பேர்ப்பட்டவர்னு தெரிஞ்சுக்கணும். உங்களுக்குச் சொல்றது: முதலில் இரட்டை அளவில், 130க்கு 100 மி.மீ.யில், வானத்தை மட்டும் ஒரு துண்டில் வெட்டிப் பாருங்க. அசல் அளவில் கோட்டுக்குக் கோடு ஏறக்குறைய அரை மி.மீ.தான் இடம். தலையில் மாட்டற உருப்பெருக்கி இல்லாம இறங்காதீங்க.

பழந்தாள்:

எண்ணிக்கைக் குழப்பத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த எல்லா எண்ணும் சரியானவை. ஒவ்வொன்றும் வேறு வேறு அச்சைச் சொல்கிறது.

ஹோல்பைன் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1523 முதல் 1526க்குள் இவற்றை வரைந்தார். லுட்செல்பர்கர் 1526இல் இறந்துபோனார். அதற்குள் வெட்டி முடித்த கட்டைகளிலிருந்து சில சோதனை அச்சுகள் எடுத்திருந்தார்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சு, படத்துக்கு மேலே ஜெர்மன் தலைப்பு. இவற்றில் 40 படங்கள் இருக்கும், சோதிடர் படம் இருக்காது. பிரான்சின் லியோன் நகரத்து அச்சகத்தார் மெல்கியோர் ட்ரெக்செலுக்கு லுட்செல்பர்கர் கடன்பட்டிருந்தார், அந்த வகையில் கட்டைகள் அவர் கைக்குப் போயின. பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் சத்தமில்லை. 1538இல் மெல்கியோர், காஸ்பர் ட்ரெக்செல் சகோதரர்கள் லியோனில் பிரெஞ்சுப் புத்தகமாக வெளியிட்டார்கள், சோதிடரோடு சேர்த்து 41 படங்கள். மேலே லத்தீன் வேதவசனம், நடுவில் படம், கீழே ஷில் கொரோஸே எழுதிய நாலடிப் பிரெஞ்சுப் பாட்டு.

அடுத்து அதே லியோனில் ஃப்ரெல்லோன் சகோதரர்கள் என்ற பதிப்பாளர்கள் அதே கட்டைகளை வைத்து 1540களில் பதிப்புமேல் பதிப்பு போட்டார்கள். சூதாடி, குடிகாரன், கொள்ளைக்காரன், குருடன், வண்டிக்காரன், பிச்சைக்காரன் என்று புதுப் படங்கள் சேர்ந்தன. 1547இல் 53. 1562இல் 58. கூடின படங்களில் சில வெறும் குழந்தைகள் விளையாடும் படங்கள், மரணமே இல்லை. பிச்சைக்காரன் படத்திலும் மரணம் வருவதில்லை, ஆனால் அங்கே அது வேண்டுமென்றே. சாவுக்காகக் காத்துக் கிடக்கிறவனிடம் சாவு வரவில்லை.

1538 புத்தகத்தில் ஹோல்பைன் பெயர் எங்கும் கிடையாது. ஷான் தெ வோஸெல் எழுதிய முன்னுரை இந்த அழகான உருவங்களைப் படைத்தவர் இறந்துவிட்டதாக வருந்துகிறது. ஹோல்பைனோ அப்போது இங்கிலாந்தில் உயிரோடு இருந்தார், 1543இல்தான் லண்டனில் இறந்தார். ஆகவே அந்த வரிகள் கட்டை வெட்டியவரைத்தான் குறிக்கின்றன என்று கொள்வது பொருத்தம். ஓவியர் ஹோல்பைன்தான் என்பதற்கு அதே காலத்துச் சாட்சி நிக்கோலா பூர்போன் என்ற கவிஞர். ஓவியர் ஹான்ஸ் வரைந்த மரணம் பற்றி 1538இலேயே லத்தீனில் ஒரு சிறு கவிதை அச்சிட்டார்.

பழைய தனித்தாள் ஏதாவது விற்பனைக்கு வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். 1538 புத்தகத்தாள் என்றால் பின்பக்கமும் அச்சு இருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அது அரிதான சோதனை அச்சாக இருக்க வேண்டும், அல்லது பிற்காலப் பிரதி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை இரண்டாவதுதான். வெனிஸில் வால்கிரிஸி 1545இலேயே பிரதி வெட்டுவித்தார். கொலோனில் பிர்க்மன் வாரிசுகள் 1555இல் போட்டார்கள். ஹோலர் 17ஆம் நூற்றாண்டில் செம்பில் அரித்தெடுத்தார். மெகல் 1780இல் பாசலில் செப்புத்தகட்டில் வெட்டினார். 1833இல் லண்டனில் டௌஸ் வெளியிட்ட புத்தகத்துக்குப் பானரும் பைஃபீல்டும் வெட்டிய பிரதிகள் அசலோடு மிக நெருங்கியவை, ஏமாறுவதும் அவற்றில்தான்.

இன்னொரு சிக்கல். முதல் நான்கு படங்கள், அதாவது படைப்பு, கனி உண்ணல், துரத்தப்படுதல், ஆதாம் நிலம் கொத்துதல் ஆகியவை, அதே 1538இல் அதே அச்சகத்தார் வெளியிட்ட ஹோல்பைனின் பழைய ஏற்பாட்டுப் படப்புத்தகத்திலும் அதே கட்டைகளால் அச்சாகியிருக்கின்றன. ஆக, அந்த நான்கில் ஒன்று கையில் வந்தால் சுற்றியிருக்கும் எழுத்தைப் பார்க்காமல் மரண நடனத் தாள் என்று சொல்லிவிட முடியாது.

டியூரர் விஷயம்: வீரன், மரணம், சாத்தான் 1513இல் செய்த செப்புத்தகட்டுச் செதுக்கு. அதைப் பார்த்து மரத்தில் கோடு பழகக் கூடாது, தலைகீழான தொழில். செம்பில் உளி தோண்டிய பள்ளம்தான் கறுப்பாக வரும். அதனால் ஒரு கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, ஊசிமுனையாக முடியும். குறுக்குக்கோடு பின்னுவதும் சுலபம், மேலே இன்னொரு வரிசை உழுதால் முடிந்தது. மரத்தில் அதே வலைப்பின்னலுக்கு ஒவ்வொரு சின்னக் கட்டத்தையும் நாலு பக்கமும் வெட்டித் தோண்ட வேண்டும். உருப்பெருக்கியில் பார்த்தால், மரச்செதுக்கில் கோட்டின் இரு ஓரத்திலும் மை பிதுங்கி அடர்ந்த விளிம்பு தெரியும், தாளின் பின்புறம் கோடு புடைத்திருக்கும். செப்புத்தகட்டில் மை தாளுக்கு மேலே எழும்பி நிற்கும், படத்தைச் சுற்றித் தகட்டின் அழுத்தத் தடம் இருக்கும். டியூரரிடம் மரத்துக்குப் பார்க்க வேண்டியது பைபிளின் வெளிப்படுத்தல் நூலுக்கு அவர் செய்த 1498இன் மரச்செதுக்கு வரிசை. அதில் நான்கு குதிரைவீரர் படம் ஏறக்குறைய 39க்கு 28 செ.மீ. ஹோல்பைன் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் இன்னும் குறைவான பரப்பில் உழவன் படத்தின் குதிரை, ஏர், ஆள், எலும்புக்கூடு, கோயில், சூரியன் எல்லாம் வைத்தார் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பாசல்மதில்:

பிரசாரமா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் எழுதினால் குறிப்பு தப்பாகிவிடும்.

பிரசாரம் என்பவர்கள் காட்டும் படங்கள் உண்மையிலேயே கடுமையானவை. போப் ஒருவர் பேரரசனுக்கு முடிசூட்டுகிறார், பேரரசன் குனிந்து அவர் பாதத்தை முத்தமிடுகிறான். அதே நேரத்தில் மரணம் போப்பின் மேல் சாய்கிறது, பிசாசுகள் பறக்கின்றன, இன்னொரு எலும்புக்கூடு கர்தினால் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது. கர்தினால் பாவமன்னிப்புப் பத்திரத்தோடு (திருச்சபை காசுக்கு விற்றது) இருக்கும்போது மரணம் அவர் தொப்பியைப் பிடுங்குகிறது. கன்னியாஸ்திரி பீடத்தின் முன் முழந்தாளிட்டபடி, கட்டிலில் யாழ் மீட்டும் இளைஞனைத் திரும்பிப் பார்க்கிறாள். கிழவியாய் வந்த மரணம் மெழுகுவத்தியை அணைக்கிறது. இதே ஹோல்பைனும் லுட்செல்பர்கரும் பாவமன்னிப்பு விற்பனையைக் கேலி செய்யும் தனிப்படம் ஒன்றையும் அந்த ஆண்டுகளில் செய்திருக்கிறார்கள். கைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்பதில் ஐயமில்லை.

ஆனால் அடி விழுவது குருமாருக்கு மட்டுமல்ல. நீதிபதி பணக்காரனிடம் கை நீட்டும்போது மரணம் அவருடைய கோலை எடுத்து உடைக்கிறது. மன்ற உறுப்பினர் ஏழையைப் பாராமல் முகம் திருப்புகிறார், பிசாசு துருத்தி வைத்து அவர் காதில் ஊதுகிறது. பிரபு படத்தில் மரணம் உழவனாக வந்து, பிரபுவின் சொந்தக் குலச்சின்னக் கேடயத்தைத் தூக்கி அவனையே அடிக்கப் போகிறது, தரையில் கதிரடிக்கும் கோல் கிடக்கிறது. 1524, 1525இல் ஜெர்மன் நாடுகளில் உழவர் கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்தபோது வெட்டிய கட்டை இது. இதை வெறும் சமயச் சண்டையாகப் படித்தால் பாதி போய்விடும்.

இதற்கு முன்னால் பாசலிலேயே டொமினிக்கன் மடத்துக் கல்லறை மதிலில் 1440 வாக்கில் வரைந்த மரண நடனம் இருந்தது. ஏறக்குறைய 60 மீட்டர் நீளம். 1805இல் இடித்தார்கள், சில துண்டுகள் மட்டும் பாசல் வரலாற்று அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருக்கின்றன. அங்கே போப் முதல் சாமானியன் வரை ஒவ்வொருவரும் ஒரு பிணத்தின் கை பிடித்து வரிசையாக ஆடிப் போவார்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் வசனம் உண்டு. ஹோல்பைன் அந்தச் சங்கிலியை அறுத்து, ஒவ்வொருவரையும் அவரவர் வேலையிடத்தில் வைத்தார். செல்வன் பணப்பெட்டிக்கு முன், மருத்துவன் மூத்திரக் குடுவைக்கு முன், சில்லறை வியாபாரி முதுகில் மூட்டையோடு. ஆடுவதற்கு அங்கே இடமே இல்லை. இந்த மாற்றம்தான் உண்மையில் புதியது.

மரணப்படுக்கை என்பதும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 15ஆம் நூற்றாண்டில் பரவலாக அச்சான 'நன்கு இறக்கும் கலை' கட்டைநூல்களில் (எழுத்தும் படமும் மரக்கட்டையிலேயே வெட்டி அச்சிட்டவை) பதினோரு படங்கள். நோயாளி கட்டிலில் கிடப்பான், ஒரு பக்கம் பேய்கள் ஆசை காட்டும், மறுபக்கம் தேவதூதர்கள் தேற்றுவார்கள், கடைசி மூச்சில் எல்லாம் தீர்மானமாகும். ஹோல்பைனிடம் அந்தப் பேரம் நடப்பதில்லை. சாவதற்கு ஆயத்தமாவது பற்றி புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூதர் 1519இல் எழுதிய பிரசங்கம், மரணத்தின் உருவத்தை உயிரோடும் பலத்தோடும் இருக்கும்போது பார்த்துக்கொள், சாகும் நேரத்தில் அதைப் பார்க்காதே, கிறிஸ்துவைப் பார் என்ற போக்கில் போகும். உள்ளங்கையில் அடங்கும் புத்தகத்தில், வேலை நடுவே வரும் மரணம் என்ற ஏற்பாடு அதோடு ஒத்துப்போகிறது. ஹோல்பைன் அதைப் படித்துத்தான் வரைந்தார் என்று எழுதிவிடாதீர்கள், பொருத்தம் என்று மட்டும் எழுதலாம்.

வெளியீடோ கத்தோலிக்க லியோனில். 1538 முன்னுரை ஒரு கன்னியர் மடத் தலைவிக்குச் சமர்ப்பணம். 1542இல் அதே நகரத்தில் ஃப்ரெல்லோன் வெளியிட்ட லத்தீன் பதிப்பிலோ அந்த முன்னுரை போய், லூதர் அணியைச் சேர்ந்த உர்பானுஸ் ரேகியுஸின் நோயாளிகளுக்கான ஆறுதல் நூல் வந்து உட்கார்ந்தது. கட்டை ஒன்றே, சுற்றியிருக்கும் எழுத்துதான் சமயம் மாறுகிறது. ஆகவே குறிப்பில் எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

கறுப்புமை:

மூவருக்கும் நன்றி. பாசல்மதில் ஐயா, நீங்கள் சொன்ன படங்களில் எல்லாம் மரணம் கேலி செய்கிறது, அடிக்கிறது, பிடுங்குகிறது. உழவன் படத்தில் அப்படித் தெரியவில்லையே? கூடவே ஓடிக் குதிரையைத்தானே அடிக்கிறது.

கட்டைக்கத்தி அண்ணா, இரண்டு கேள்வி. படத்தைக் கட்டைக்கு எப்படி மாற்றுவது? இடம் வலம் மாறுமே, அசலில் யார் எந்தப் பக்கம் என்று எப்படி முடிவு செய்வது? வெட்டும்போது ஒரு கதிர் தெறித்துவிட்டால் கட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பாசல்மதில்:

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். உழவன் கிழவன், கந்தல் உடை, கலப்பைக்கு மேல் குனிந்திருக்கிறான். குதிரைகள் ஓய்ந்து போனவை. படத்தில் துடிப்பாக இருப்பது மரணம் ஒன்றுதான், சாட்டையை ஓங்கிக்கொண்டு சாலில் ஓடுகிறது. பொழுது சாய்கிறது, கடைசிச் சால் முடிய வேண்டும், மரணம் உதவிக்கு வந்த கூலியாள் மாதிரி வேலை செய்கிறது. கீழே உள்ள பாட்டின் கருத்து: முகத்து வேர்வையில் உன் ஏழைப் பிழைப்பைத் தேடிக்கொள்வாய், நெடுநாள் உழைத்து ஓய்ந்தபின் இதோ மரணம் உன்னை அழைக்கிறது. மேலே உள்ள வசனம் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஆதாமுக்குச் சொன்னது. அதனால் இதை நான்காவது படமான ஆதாம் நிலம் கொத்தும் படத்தோடு சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் மரணம் ஆதாமுக்குப் பக்கத்தில் நின்று கூடவே மண்ணைக் கிளறுகிறது.

இன்னொன்று, இந்தக் கூடுகளை முழு எலும்புக்கூடாக வெட்டிவிடாதீர்கள். பல படங்களில் வயிற்றிலும் நெஞ்சிலும் காய்ந்த தோல் ஒட்டிக் கிடக்கும், உடற்கூற்றுக் கணக்குப்படி எலும்புகள் சரியாகவும் இருக்காது. எலும்புகளைத் துல்லியமாகக் காட்டிய வெசாலியஸின் உடற்கூற்று நூல் வந்ததே பிறகு, 1543இல்தான். மருத்துவப் புத்தகத்தைப் பார்த்து 'திருத்தினால்' ஹோல்பைனின் மரணத்துக்குள்ள அந்தத் துள்ளல் போய்விடும்.

கட்டைக்கத்தி:

அச்சில் இருக்கிறது கட்டையில் இருந்ததுக்கு நேர் எதிர்ப்பக்கம். நீங்க புத்தக அச்சைப் போலவே வரணும்னா, அச்சைத் திருப்பிக் கட்டையில் ஏத்தணும். மெல்லிய தாளில் கோட்டை எடுத்து, தாளைக் கவிழ்த்து, கார்பன் வைச்சு ஏத்தலாம். ஆனா கார்பன் கோடு அரை மி.மீ. தடிக்கும், இந்த அளவுக்குப் போதாது. லேசர் பிரிண்ட் எடுத்து, மையுள்ள பக்கத்தைக் கட்டையில் கவிழ்த்து ஒட்டுநாடாவால் பிடிச்சுட்டு, பின்பக்கம் தின்னர் தொட்ட பஞ்சால் ஒத்தி, கரண்டி முதுகால் அழுத்தித் தேயுங்க. கவிழ்க்கும்போது தானே திரும்பிடும், கம்ப்யூட்டரில் தனியாத் திருப்பக் கூடாது, திருப்பினா ரெண்டு தடவை திரும்பின கணக்கு. தின்னர் சொட்டச் சொட்டப் போட்டா கோடு கசியும். இங்க்ஜெட் பிரிண்ட் இதுக்கு ஆகாது. ஏத்தினதும் தண்ணி கலந்த மெல்லிய காவி நிறத்தை ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்க, வெட்டின இடம் வெளுப்பா எடுப்பாத் தெரியும்.

தெறிச்ச கோட்டுக்குக் கட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், பழைய ஆளுங்களும் போடலை. தெறிச்ச துண்டு கையில் இருந்தா அப்பவே மரப்பசை தொட்டு ஒட்டி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு மறுநாள் தொடுங்க. துண்டு தொலைஞ்சா, அந்த இடத்தைச் சுத்திச் சின்னச் சதுரமா நாலைஞ்சு மி.மீ. ஆழம் குழி எடுங்க. அதே மரத்தில், நார் அதே பக்கம் ஓடற மாதிரி, அடி லேசா ஒடுங்கின முளை சீவி, பசை தொட்டுத் தட்டி இறக்குங்க. மேலே அரை மி.மீ. நீட்டிட்டு இருக்கட்டும், காய்ஞ்சபிறகு உளியால் சமன் பண்ணி, கோட்டைத் திரும்ப வரைஞ்சு வெட்டுங்க. நார் பக்கம் மாறிப் போட்டா மழைக்காலத்தில் முளை மட்டும் உப்பி எழும், அச்சில் கறுப்புப் புள்ளியா விழும். பழைய அச்சுகளில் கோடுகள் திடீர்னு ஒரு மயிரிழை வெட்டுப்பட்டுத் தொடர்ந்தா, அது பெரும்பாலும் இந்த ஒட்டோ, இல்லை கட்டையில் விழுந்த விரிசலோதான்.

அச்செடுக்க எண்ணெய் மை, கெட்டியானது. அவங்க ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி விளக்குப்புகைக் கரி கலந்து, தோல் உருண்டையால் ஒத்தினாங்க. உங்களுக்குச் சின்னக் கெட்டி ரோலர் போதும். கண்ணாடியில் மையை இழுக்கும்போது ஈரமா சளசளன்னு கேட்டா மை அதிகம். லேசான சீறல் மட்டும் கேட்கணும். கதிர்களுக்கு நடுவில் மை அடைச்சா இன்னும் ஆழமா வெட்டணும்னு தோணும், அவசரப்படாதீங்க, முதலில் மையைக் குறைச்சுப் பாருங்க. தாள் பருத்திக்கூழ்க் கைத்தாள், மெல்லிசா. முந்தின நாளே ஒண்ணு விட்டு ஒண்ணு நனைச்சு அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுத்தி, மேலே பளு வைங்க. காலையில் தொட்டா குளிர்ச்சியா இருக்கணும், ஈரம் மினுக்கக் கூடாது. மினுக்கினா மை ஒட்டாமப் புள்ளி புள்ளியா விடும்.

கட்டையைத் தண்ணியில் கழுவவே கூடாது, முகம் கிண்ணமாக் குழிஞ்சிடும். சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைச்சு, மீதியை மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான பிரஷால் எடுத்து, நிமிர்த்தி வைச்சுக் காயவிடுங்க.

பழந்தாள்:

கழுவுவது, காப்பது பற்றி ஒரு தகவல். ஹோல்பைனின் மரணக் கட்டைகள் இன்று இல்லை. வெசாலியஸின் நூலுக்கான கட்டைகள் வெனிஸில் வெட்டப்பட்டு, ஆல்ப்ஸ் மலை தாண்டி பாசலில் ஓபோரினுஸ் அச்சகத்துக்குப் போய் 1543இல் அச்சாகின. அவை ம்யூனிக்கில் பத்திரமாக இருந்து, 1934இல் அவற்றிலிருந்தே மறுபடி அச்செடுத்தார்கள், கோடுகள் தெளிவாக வந்தன. 1944 குண்டுவீச்சில்தான் எரிந்தன. அவையும் பேரிதான். ஆகவே வெட்டிய கட்டையைச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள், ஈரமும் பூச்சியும்தான் எதிரி. அச்சில் கோடுகளுக்கு நடுவே வட்டமான வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூச்சி ஓட்டை. பழைய தாள்களைப் பதிப்பு வரிசைப்படுத்த அந்தப் புள்ளிகளைத்தான் எண்ணிப் பார்ப்போம். முந்தைய அச்சில் இல்லாத புள்ளி பிந்தைய அச்சில் இருக்கும், மாறி வராது.

கறுப்புமை:

வெப்பாலைத் துண்டு கேட்டிருக்கிறேன். காய்ந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

கட்டைக்கத்தி:

சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் எடை பார்த்து எழுதி வைங்க. வாரம் ஒரு தடவை அதே தராசில். அடுத்தடுத்து மூணு வாரம் எடை இறங்கலைன்னா உங்க ஊர்க் காத்துக்குக் காய்ஞ்சாச்சு. அதுவரைக்கும் வானத்தை லினோவில் வெட்டி, கதிர் நுனியை மெலிய வைக்கப் பழகுங்க.